லாரி எழுந்து நின்றால் எத்தனை அங்குலம்?



அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி எட்டு மணிக்கும் ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பரணில் இருந்த பொம்மைப் பெட்டிகள் கூடத்துக்கு இறங்கிவிட்டன. இந்த விடுமுறை இதழின் பாதியை உருமாறும் ரோபோ பொம்மைகளுக்குக் கொடுத்திருப்பதை அட்டையிலேயே பார்த்திருப்பீர்கள். லாரியாக இருந்தது நாலு திருப்பில் ஆளாக எழுந்து நிற்குமே, அதேதான். "ஆன்மிகப் பக்கத்தைக் குறைத்துவிட்டு பிளாஸ்டிக்குக்கு இடம் கொடுத்துவிட்டீர்களே" என்று எழுதப்போகிற பெரியவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு.

இவ்வளவுக்கும் காரணம் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த ஒரு கடிதம். வாசகர் தன் பையனுக்கு இரண்டு ரோபோ வாங்கியிருக்கிறார். ஒரு டப்பாவில் 'வாயேஜர்' என்றும் இன்னொன்றில் 'லீடர்' என்றும் போட்டிருந்ததாம். லீடர் விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வீட்டுக்கு வந்து பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே உயரம். "கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

இல்லை, ஏமாற்றவில்லை. டப்பாவில் போட்டிருக்கும் வகுப்பு, பொம்மையின் உயரத்தைச் சொல்வதைவிட அதன் விலையைத்தான் அதிகம் சொல்கிறது. சேர்க்க ஆரம்பிக்கிற ஒவ்வொருவரும் முதல் வருஷம் இடறி விழுகிற இடம் இது. ஏன் இப்படி என்று விளக்க நாலு வரி போதாது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரன் பொம்மையைக் கொண்டுவந்தது. உயரம் 12 அங்குலம். ஜப்பானின் தகாரா கம்பெனி உரிமம் வாங்கி அதைத் தன் ஊரில் விற்றது. பிறகு 1972-இல் அதே உடம்பைக் கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக்கில் வார்த்து, உள்ளே இயந்திர உறுப்புகள் தெரிய, ஹென்ஷின் சைபோர்க் என்று புதுப் பெயரில் இறக்கியது. அடுத்த வருஷமே உலகத்தில் எண்ணெய் நெருக்கடி. பிளாஸ்டிக்கின் தாய் கச்சா எண்ணெய்தான் என்பது நமக்குத் தெரிந்ததே. ஒரு அடி உயரப் பொம்மை கட்டுப்படியாகவில்லை. 1974-இல் தகாரா கொண்டுவந்த மைக்ரோமேன் சுமார் பத்து சென்டிமீட்டர்தான். வீட்டுக்குள் நம் கண்ணுக்குப் படாமல் நடமாடும் குட்டி மனிதர்கள் என்று அதற்கு ஒரு கதையும் கட்டினார்கள். எண்ணெய் விலை ஏறியதும் பொம்மை சுருங்கியது. சுருங்கியதற்கு நியாயம் சொல்லக் கதை பின்னால் வந்தது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் கடைசிவரைக்கும் இதுதான் நடக்கிறது.

குட்டி மனிதர் கதையிலிருந்து 1983-இல் கிளைத்ததுதான் மைக்ரோ சேஞ்ச். வீட்டில் கிடக்கும் சாமான்கள் அதே அளவில் ரோபோவாக மாறும்: கேசட், டேப் ரெக்கார்டர், கேமரா, கைத்துப்பாக்கி. இதற்குப் பக்கத்திலேயே 1980-இலிருந்து டயக்ளோன் என்று வேறொரு வரிசையும் தகாராவிடம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கணக்கே வேறு. காரும் விமானமும் நிஜத்தைவிடப் பல மடங்கு சிறியவை. அவற்றை ஓட்ட, காலில் காந்தம் வைத்த ஓர் அங்குல உயர ஓட்டுநர். மேக்ராஸ் கார்ட்டூன் தொடரின் போர்விமானங்களை வடிவமைத்துப் பெயர் வாங்கிய ஷோஜி கவாமோரி டயக்ளோனிலும் வேலை செய்தவர்.

ஹாஸ்ப்ரோ இந்த இரண்டு வரிசையையும் வாங்கி, ஒரே குடும்பமாக்கி, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்றது. கூடவே டிவி கார்ட்டூன். மார்வெல் காமிக்ஸின் பாப் புடியான்ஸ்கி ஜப்பானியப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆங்கிலப் பெயரும் குணமும் எழுதிக் கொடுத்தார். டப்பாவின் முதுகில் பலம், அறிவு, வேகம் என்று மதிப்பெண் பட்டியல் இருக்கும். சிவப்புக் கண்ணாடிக் காகிதத் துண்டை மேலே வைத்தால்தான் படிக்க முடியும்.

வம்பு அங்கேதான் தொடங்கியது. மைக்ரோ சேஞ்சிலிருந்து வந்தவன் சவுண்ட்வேவ். அவன் நிஜ அளவுள்ள டேப் ரெக்கார்டர். டயக்ளோனிலிருந்து வந்தவன் ஸ்டார்ஸ்க்ரீம். அவன் எஃப்-15 போர்விமானம். பொம்மையாக இரண்டும் ஒரே அலமாரியில் நிற்கும். கதையிலோ ஒருவன் மேசைமேல் வைக்கிற சாமான், மற்றவன் விமானத் தளத்தில் நிற்கிறவன். கார்ட்டூன்காரர்கள் யோசிக்கவே இல்லை. மாறும்போது சுருங்கவிட்டார்கள், வேண்டும்போது பெருக்கவிட்டார்கள். வில்லன் மெகாட்ரான் ஆள் உயரத்தைப்போல் பல மடங்கு இருப்பான், துப்பாக்கியாக மாறியதும் அடியாள் கைக்குள் அடங்கிவிடுவான். பிறந்த நாளிலிருந்தே இந்தப் பொம்மைகளுக்கு அளவு என்பது ஒரு ஏற்பாடுதான்.

2007-இல் மைக்கேல் பே படம் எடுத்தபோது இந்தச் சுருங்கல் பெருக்கல் எல்லாம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். வண்டியில் எவ்வளவு இரும்போ அவ்வளவில்தான் ரோபோ. தலைவன் ஆப்டிமஸ் பிரைம் 1984-இல் மூக்கில்லாத, முகம் தட்டையான லாரி. அந்த லாரியின் இரும்பில் படத்துக்கு வேண்டிய உயரம் வராது என்று நீள மூக்குள்ள பீட்டர்பில்ட் லாரியாக மாற்றினார்கள். எனக்கு இதில் இன்றுவரை வருத்தம். வத்தலக்குண்டு பக்கத்துப் பையன் ஒருவன் நான்கு வழிச்சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால் போகிற வருகிற லாரி எல்லாம் தட்டை மூஞ்சிதான். பழைய ஆப்டிமஸை அவன் பார்த்த மாத்திரத்தில் நம்மூர் லாரி என்று சொல்லிவிடுவான். பீட்டர்பில்டை அவன் சினிமாவில்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு இந்தக் குடும்பம் வந்தது முதலில் ரோபோவாக அல்ல, சிப்பாயாக. எம்.ஆர்.எஃப். டயர்க்காரர்களும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் ஃபன்ஸ்கூல் கம்பெனியைத் தொடங்கினார்கள். தலைமையகம் சென்னை. இன்று ராணிப்பேட்டையில் தொழிற்சாலை இருக்கிறது. தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு ஃபன்ஸ்கூல் என்றதும் ஜி.ஐ. ஜோதான் ஞாபகம் வரும். அதற்குள் அவனும் சுருங்கியிருந்தான். 1982-லேயே ஹாஸ்ப்ரோ 12 அங்குலத்தை விட்டுவிட்டு மூன்றே முக்கால் அங்குலத்துக்கு வந்துவிட்டது. சின்ன ஆளாக இருந்தால்தான் அவனுக்கு ஜீப்பும் டாங்கியும் விற்க முடியும் என்ற வியாபாரக் கணக்கு. நம் நாட்டில் வார்த்த அந்தச் சிப்பாய்களுக்குச் சட்டை ஒரு நிறம், கால்சட்டை ஒரு நிறம், சில சமயம் அமெரிக்காவில் எவரும் பார்த்திராத நிறம். அந்தக் கலவைக்காகவே இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். நம்மூரில் எத்தனை பேர் வீட்டுப் பரணில் கை உடைந்து கிடக்கின்றனவோ. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ரோபோக்கள் அப்போது துபாயிலிருந்து வருகிற சித்தப்பா பெட்டியில்தான் வந்தன. பிறகு 'எந்திரன்' படம் 2010-இல் வந்து, கடைசிக் காட்சியில் நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகவும் பாம்பாகவும் ராட்சசனாகவும் எழுந்தபோது தியேட்டரே கத்தியது. பொம்மைக்காரர்கள் இந்த வேலையை 1985-லேயே செய்துவிட்டார்கள். மண் அள்ளும் இயந்திரம், கிரேன், சிமென்ட் கலவை வண்டி என்று ஆறு கட்டுமான வண்டிகள். ஆறும் ஆறு ரோபோ. ஆறும் சேர்ந்தால் டெவஸ்டேட்டர் என்ற ஒரே ராட்சசன்.

சரி, வகுப்புகளுக்கு வருவோம்.

முதல் பத்து வருஷம் திட்டமான அளவு வகுப்பு எதுவும் கிடையாது. 1996-இல் மிருகமாக மாறும் பீஸ்ட் வார்ஸ் வரிசை வந்தபோதுதான் பேசிக், டீலக்ஸ், மெகா, அல்ட்ரா என்று முறைப்படுத்தினார்கள். 2000-களின் நடுவில் வாயேஜர், லீடர் என்ற பெயர்கள் நிலைத்தன. இன்று கடையில் நீங்கள் பார்ப்பது, கீழிருந்து மேலாக, கோர், டீலக்ஸ், வாயேஜர், லீடர், கமாண்டர், டைட்டன். கோர் மூன்றரை அங்குலம். 2021-இல் வந்த இந்தப் பொடிசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். டீலக்ஸ் சுமார் ஐந்தரை. வாயேஜர் ஏழு. லீடர் ஏழரையோ எட்டோ, சில சமயம் அதுவும் இல்லை. கமாண்டர் கிட்டத்தட்ட ஒரு அடி. 2019-இல் வந்த ஜெட்ஃபயர் விமானம்தான் அந்த வகுப்பின் முதல் பிள்ளை. டைட்டன் இரண்டு அடிக்கு முன்னே பின்னே. நகரமாக மாறும் மெட்ரோப்ளெக்ஸ் 2013-இல் அந்தப் பெயரோடு வந்தது.

வாயேஜருக்கும் லீடருக்கும் நடுவே அரை அங்குலமோ ஒரு அங்குலமோதான் இருக்கிறது, விலையில் பாதி கூடுகிறது. அந்தப் பணம் எங்கே போனது? ஒட்டன்சத்திரம் வாசகரின் கேள்வி இதுதான். கம்பெனி ஒரு வகுப்புக்கு ஒரு விலையை முதலில் முடிவு செய்துகொள்கிறது. அந்த விலைக்குள் எத்தனை கிராம் பிளாஸ்டிக், எத்தனை உறுப்பு, எத்தனை பெயின்ட், எத்தனை ஆணி என்று வடிவமைப்பாளருக்குச் சொல்லிவிடுகிறார்கள். அதை அவர் உயரத்தில் செலவு செய்யலாம், மூட்டுகளில் செய்யலாம், துப்பாக்கியும் கவசமுமாகச் செய்யலாம். அல்ட்ரா மேக்னஸ் என்ற பொம்மை நல்ல உதாரணம். சீஜ் வரிசையில் வந்த லீடர் டப்பாவைப் பிரித்தால் உள்ளே வெள்ளை நிறத்தில் ஆப்டிமஸ் ஜாடையில் ஒரு ரோபோ இருப்பான். அவன் வாயேஜர்க்காரர்களோடு தோளுரசி நிற்பவன்தான். மீதிப் பணமெல்லாம் அவன் மேலே மாட்டுகிற நீல, சிவப்புக் கவசத்தில் இருக்கிறது. கவசத்தை மாட்டினால் பெரியவன், கழற்றினால் நடுத்தரம். வாசகரின் பையன் கவசத்தை மாட்டாமல் நிறுத்தியிருப்பான் என்பது என் ஊகம்.

இதையே நம்மூர்ப் பூட்டுப் பட்டறையில் கேட்டால் இன்னும் சுருக்கமாகப் புரியும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். வாங்க வந்தவர், "இதைவிடப் பெருசா ஒண்ணு கொடுங்கண்ணே" என்றார். பெரியவர் ஒரு சின்ன மாங்காய்ப் பூட்டை எடுத்துப் பிரித்து, உள்ளே அடுக்கியிருந்த பித்தளைத் தகடுகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். "இன்ச்சைப் பாக்காதீங்க தம்பி, லீவர் எத்தனைன்னு பாருங்க. பெருசு வேணும்னா உள்ள ரெண்டு லீவர் போட்டுத் தர்றேன், கதவுக்கு அழகா இருக்கும்." ரோபோவும் அப்படித்தான். லீவர் எத்தனை என்று டப்பாவில் அச்சடிக்க மாட்டார்கள். பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரித்தே பார்த்தோம். இதோ என் மேசையில் ஒரு வாயேஜர் ஆப்டிமஸ், லாரி உருவத்தில். பின்பக்கத்தை இரண்டாகப் பிளந்து கீழே இழுத்தால் கால்கள். முட்டி இருக்கும் இடத்தில் பல் சக்கரம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பல்லாக இறங்கும்போது 'கட் கட்' என்று விரல் நுனியில் தெரிகிறது. இந்தச் சத்தம் கேட்காத முட்டி ஆறு மாதத்தில் தொங்கிவிடும். அடுத்து இடுப்பை அரை வட்டம் திருப்ப வேண்டும். திருப்பாமல் விட்டால் பாதம் பின்னால் பார்க்கும், என் மருமகன் முதலில் இப்படித்தான் நிறுத்திவிட்டு 'ஆயிடுச்சு மாமா' என்றான். லாரியின் பக்கச் சுவர்கள் வெளியே வந்தால் கைகள். முன்கண்ணாடி இரண்டும் மார்பாக அப்படியே நிற்கிறது. இதை மாற்ற எந்த வடிவமைப்பாளரும் துணியவில்லை. கடைசியாக லாரியின் கூரையைத் தூக்கினால் தலை கிடந்த நிலையில் உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு புரட்டு, நீலத் தலைக்கவசம் வெளியே வருகிறது. 1984 பொம்மையில் முஷ்டிகள் தனியாக மாட்டுவதாக இருந்தன. அதனால் பழைய பீஸ் விற்க வருகிறவர்களிடம் சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பது, "முஷ்டி இருக்கா?" பாதிப்பேரிடம் இருக்காது.

என்னைக் கேட்டால் இந்த வாயேஜர் வகுப்புதான் விலைக்கும் வேலைக்கும் சரியாகப் பொருந்துகிறது. டீலக்ஸ் கையில் அடக்கமாக இருக்கும், கார்களுக்கு அதுவே போதும். ஆனால் சமீப வருஷங்களில் காற்றுப் பிடித்ததுபோல உள்ளீடற்ற கைகால்களோடு வருவதைப் பார்த்துச் சேகரிப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். லீடரில் பாதிக்குப் பாதி நல்லவை, மீதி வாயேஜருக்கு நகை போட்டதுதான். கமாண்டரும் டைட்டனும் நம்மூர் வீடுகளுக்கு ஆகாது என்பது என் கட்சி. இரண்டடி ரோபோவை வைக்கிற அலமாரி இருந்தால் அதில் முதலில் அம்மா வேறு ஏதாவது வைத்திருப்பார். ஒரு நண்பர் வீட்டில் டைட்டன் ஒன்று ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஸ்டெபிலைசருக்கு மேலே காவல் நிற்கிறது. உருமாற்றுவதே இல்லை. மாற்றினால் நகரமாகிவிடும், அப்புறம் எங்கே வைப்பது?

இந்தப் பெரிசு மோகத்துக்கு உச்சம் யூனிக்ரான். கோளாக மாறும் ரோபோ. 2019-இல் ஹாஸ்ப்ரோ இதைக் கடையில் விற்காமல், முன்பணம் கட்ட 8,000 பேர் சேர்ந்தால்தான் வார்ப்போம் என்று அறிவித்தது. உயரம் 27 அங்குலத்துக்கு மேல், எடை எட்டரைக் கிலோவுக்கு மேல், விலை 575 டாலர். கெடுவை நீட்டிக்க வேண்டியிருந்தது, ஆனாலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எட்டரைக் கிலோ! ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் எட்டரைக் கிலோ தக்காளியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்த்திசையில் போனதும் உண்டு, அது எனக்கு இன்னும் பிடித்த கதை. தகாரா 2003-இல் மாஸ்டர்பீஸ் என்ற உயர்தர வரிசையை ஆரம்பித்து, முதல் பொம்மையாக ஒரு அடி உயர ஆப்டிமஸைக் கொண்டுவந்தது. உலோகக் கலவையில் கனமான பீஸ், எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அவனுக்குப் பொருத்தமான அளவில் கார்கள் செய்யப் போனால் ஒவ்வொன்றும் சின்ன இட்லிக் குண்டான் அளவு வரும். ஆகவே 2011-இல் அதே ஆப்டிமஸை அளவு குறைத்துப் புதிதாக வடிவமைத்தார்கள். தலைவன் சுருங்கியதால்தான் கூட்டாளிகள் பிறந்தார்கள், வரிசையும் நிலைத்தது. சேர்க்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஒரே வகுப்பாகச் சேர்க்கலாம். அல்லது ஒருவனுக்கு ஒருவன் உயரம் பொருந்துகிறதா என்று பார்த்துச் சேர்க்கலாம், அப்போது டப்பாவின் வகுப்பு கலந்து வரும். 2018-இல் தொடங்கிய ஸ்டூடியோ சீரிஸில் படத்தில் உள்ள உயர விகிதத்தை ஓரளவு காப்பாற்றுகிறார்கள், வகுப்பு விலைக்கு மட்டும். இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு போனவர்கள் பாதியில் நின்றுவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாக் கடைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பக்கம் முழுமையாகாது. ராட்டினத்துக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நடுவே பிளாஸ்டிக் உறையில் தொங்குகிற ரோபோக்கள் எல்லாம் டூப்ளிகேட். அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரிஜினலைவிட டூப்ளிகேட் பெரிதாக இருக்கும்! டீலக்ஸ் பொம்மை ஒன்றை வாங்கி, அதன் வார்ப்பை அப்படியே பெரிதாக்கி, லீடர் அளவுக்கு விற்கிற பட்டறைகள் சீனாவில் இருக்கின்றன. மூட்டு வேலை டீலக்ஸுக்குப் போட்டது, உடம்பு மட்டும் இரு மடங்கு. கனம் தாங்காமல் தோள் இறங்கிவிடும். உயரத்தைப் பார்த்துக் காசு கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

போலி ஒன்றும் புதிதல்ல. 1985-லேயே ஹாஸ்ப்ரோ இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. பொம்மையில் கறுப்புச் சதுர ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். விரலால் தேய்த்துச் சூடாக்கினால் அவன் நல்லவனா வில்லனா என்று முகச் சின்னம் தெரியும், சூடு ஆறினால் மறையும். திண்டுக்கல் மே மாதத்தில் தேய்க்கவே வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரிஜினல் கிடைப்பதும் இப்போது அவ்வளவு சுலபமில்லை. பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக்கூடாது. ஈயமும் கூர்மையான விளிம்பும் பிள்ளை கைக்குப் போகக்கூடாது என்பதற்கான சட்டம், குறை சொல்ல மனம் வரவில்லை. திருவிழாக் கடையில் பெயின்ட் கையில் ஒட்டுகிற பொம்மையைக் கைக்குழந்தை வாயில் வைப்பதைப் பார்த்தவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வயது வந்த சேகரிப்பாளருக்கு மட்டும் இதனால் பழைய பெரிய வரிசைகள் கடையில் காணாமல் போய்விட்டன. கிடைப்பதை, பிறர் கை மாற்றி விற்பதை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியில் இடம் கேட்டு வாங்குவதை வைத்துத்தான் ஓடுகிறது.

வாங்கிய பிறகு வெயில்தான் எதிரி. ஜன்னலுக்கு நேரே ஷோகேஸ் வைக்காதீர்கள். வெள்ளை பிளாஸ்டிக் வெயில் பட்டால் பழுத்த மஞ்சளாகிவிடும், திரும்ப வராது. எண்பதுகளின் கடைசியில் வந்த சில தங்க நிற பிளாஸ்டிக்குகளுக்கு வேறொரு வியாதி. பளபளப்புக்காகக் கலந்த துகளால் அந்தப் பிளாஸ்டிக் வருஷம் போகப் போகத் தானே நொறுங்கும். டப்பா பிரிக்காமல் வைத்திருந்தாலும் நொறுங்கும். பழைய பொம்மை கையில் கிடைத்து, அதில் சுழல் சுழலாகத் தங்க நிறம் தெரிந்தால் உருமாற்றாதீர்கள். எந்த உருவத்தில் வந்ததோ அதே உருவத்தில் உட்காரட்டும். மற்றவற்றைத் தாராளமாகத் திருப்புங்கள். பிரிக்காத டப்பாவை அடுக்கி வைத்துக்கொண்டு, விலை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. அதற்குப் பதில் நாகல் நகரில் போய்ச் சீட்டுப் போடலாம்.

மூட்டு இறுகியிருந்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். மூட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தால் அடுத்த திருப்பில் ஒடியும். மூட்டு தளர்ந்திருந்தால் உருண்டையின் மேல் நிறமற்ற நகப் பாலிஷ் ஒரு பூச்சு, ஒரு ராத்திரி காயவிட்டு மாட்டினால் பிடித்துக்கொள்ளும். வீட்டில் அக்காவிடம் கேட்டு எடுங்கள், கேட்காமல் எடுத்தால் பொம்மைக்கு நான் பொறுப்பல்ல.

"ஒன்றே ஒன்று வாங்க வேண்டும் என்றால் எதை?" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தட்டை மூக்கு ஆப்டிமஸ், வாயேஜர் வகுப்பு. கடையில் பிரிக்க விடமாட்டார்கள், பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு காலில் நிறுத்திப் பாருங்கள். நின்றால் முட்டி நன்றாக இருக்கிறது, நிற்காவிட்டால் அன்றைக்கே மாற்றப் போங்கள். இரண்டாவது வாங்கும்போது முதல் பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது உத்தமம். டப்பாவின் கண்ணாடி வழியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

உங்களிடம் இருப்பவற்றைப் பள்ளி அடிக்கோலின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, டப்பாவில் போட்டிருந்த வகுப்பையும் எழுதி அனுப்புங்கள். ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ கிடைத்தால் அதையும் சேர்த்து. ஜூன் இதழில் எல்லாவற்றையும் உயர வரிசைப்படி ஒரே பக்கத்தில் அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்